காட்டுக்குள் முதல் தடவை சைக்கிள்: புக்கிட் தீமா போகலாமா?

பாஞ்சாங்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறேன், வயது 46. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். சைக்கிள் எனக்குப் புதிதல்ல, பள்ளிக்கூடம் போனதே அதில்தான். ஆனால் எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறுவதோடு சரி.

போன மாதம் கரோசெல்லில் (பழைய பொருள் விற்கும் செயலி) பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். இதுவரை பூங்கா இணைப்புப் பாதையில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர், "ஞாயிற்றுக்கிழமை புக்கிட் தீமா காட்டுத் தடத்துக்கு வாங்க, ஆறு கிலோமீட்டர்தானே" என்கிறார். ஆறு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. ஆனால் யூடியூபில் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது, பாறையும் வேருமாக. 14 வயது மகன் வேறு நானும் வருவேன் என்கிறான்.

முதல் தடவைக்கு எங்கே போகலாம்? முழங்கால் கவசமெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? வீட்டில் "இந்த வயசுல விழுந்து வைக்காதீங்க" என்று தினம் ஒரு தடவை கேட்டாகிறது.

சகதிச்சக்கரம்:

புக்கிட் தீமா இப்போது வேண்டாம். கூப்பிடுகிறவர் நல்ல எண்ணத்தில்தான் கூப்பிடுகிறார், ஆனால் பழகியவர்களுக்கு முதல் நாள் எப்படி இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும். காட்டுத் தடத்தைக் கிலோமீட்டரால் அளக்கக் கூடாது. அந்த ஆறு கிலோமீட்டரும் இயற்கை வனப்பகுதியின் ஓரத்தைச் சுற்றி ஏறி இறங்கும், பல இடங்களில் கல்லும் வேரும்தான் பாதை. பூங்கா இணைப்பில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அசராமல் வீடு திரும்புகிறவருக்கும் அங்கே பாதியிலேயே மூச்சு வாங்கும். களைத்த பிறகுதான் பெரும்பாலும் விழுவார்கள்.

உங்களுக்கு வீட்டு வாசலிலேயே செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா இருக்கிறதே! 81 ஹெக்டர், சிங்கப்பூரின் இயற்கைப் பூங்காக்களில் அதுதான் பெரியது. நடப்பவர்களுக்கு ஒரு தடம், சைக்கிளுக்குத் தனியாக 8.2 கிலோமீட்டர். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா நடந்து வருவாரோ என்று பயந்துகொண்டே ஓட்ட வேண்டியதில்லை, புதியவருக்கு அதுவே பாதி நிம்மதி. இன்னொன்று, எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளை மட்டும்தான் ஏற்றுவார்கள் (மடக்கியபின் 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்). உங்கள் 29 அங்குலத்தை உள்ளே விட மாட்டார்கள். செங்ஹுவா பூங்கா வழியாக ஓட்டியே போய்விடலாம் என்கிற வசதி சிங்கப்பூரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அங்கே போனதும் நேரே காட்டுக்குள் பாயாதீர்கள். பம்ப் ட்ராக் என்று மேடும் பள்ளமுமாக வளைத்துக் கட்டிய ஓர் இடம் இருக்கிறது. அரை மணி நேரம் அதிலேயே சுற்றுங்கள். மகன் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வான், நமக்குக் கொஞ்சம் நேரமாகும்.

இனி முக்கியமான விஷயம். நம் ஊர் சைக்கிள் பழக்கம் என்றால் உட்கார்ந்து ஓட்டுவது. காட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேரும் உங்களை சீட்டிலிருந்து தூக்கிப் போடும். இறக்கம் வந்தால் இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, அதன்மேல் எழுந்து நில்லுங்கள். முழங்காலும் முழங்கையும் தளர்வாக மடங்கியிருக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது முழங்கால் தானாக மடங்கிக் கொடுக்குமே, அதே நிற்புதான். இறக்கம் வருமுன் சீட்டை இரண்டு மூன்று அங்குலம் இறக்கிக்கொண்டால் நிற்க இடம் கிடைக்கும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, நாலைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். எந்தக் கல்லை முறைத்துப் பார்க்கிறீர்களோ அதன்மேல்தான் போய் ஏறுவீர்கள்.

வேரைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் வேரோடு வழுக்கிக்கொண்டு போகும். வேருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன்மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியில் இருக்கட்டும்.

அப்புறம் காற்று. டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் அதிகபட்ச அளவு. அதுவரை அடித்துக்கொண்டு போனால் டயர் கல்லில் துள்ளும், மண்ணைப் பிடிக்காது. டியூப் உள்ள டயர், ஆள் எழுபது எண்பது கிலோ என்றால் முப்பது பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சுற்றுவட்டாரத்தில் தொடங்குங்கள், மகனுக்கு இன்னும் சற்றுக் குறைவாக. ஆனால் 25க்குக் கீழே இறக்க வேண்டாம். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். மாற்று டியூப், கைப் பம்ப், டயர் கழற்றும் நெம்பி, மூன்றும் பையில் இருக்கட்டும்.

முழங்கால் கவசம் வாங்கிவிடுங்கள். தலைக்கவசத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முழு விரல் கையுறைக்குத்தான் என் முதல் ஓட்டு, ஏனென்றால் விழும்போது முதலில் கைதான் தரைக்குப் போகும். போதாததற்குத் தடத்தின் ஓரத்தில் பிரம்புக் கொடியின் முள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆடம்பரமான ஜெர்சியெல்லாம் வேண்டாம், பழைய டி-ஷர்ட் போதும்.

பிடிக்காத இடம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கிறவர் மதிக்கத்தக்க ஆளில்லை.

கம்போங்காற்று:

அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் முதல் தடவைக்கு நான் புலாவ் உபின் தீவைத்தான் சொல்வேன். மகனோடு போகிறார், அவனுக்கு அது நாள் முழுக்கக் கொண்டாட்டம். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகை எடுப்பார்கள். ஆளுக்கு நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிளுக்குத் தனியாக இரண்டு வெள்ளி. தீவில் தார் ரோடும் மண் ரோடும் நிறைய, கை பழகிக்கொள்ளலாம். தைரியம் வந்ததும் கீத்தாம் மவுண்டன் பைக் பூங்கா, பழைய கல்குவாரியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் தடம். கிளை பிரியும் இடங்களில் கடினம் எவ்வளவு என்று பலகை இருக்கும். கறுப்பு வைரக் குறியை (கடினமான தடம் என்று பொருள்) பார்த்தால் மகன் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். திரும்பி வந்து சாங்கி உணவங்காடியில் நாசி லெமாக்.

சகதிச்சக்கரம்:

@கம்போங்காற்று உபின் எனக்கும் பிடிக்கும், சண்டைக்கு வரவில்லை. ஆனால் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சாங்கி என்றால் சிங்கப்பூரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. சைக்கிளை எதில் ஏற்றுவார்? போய்ச் சேரவே பாதி தெம்பு போய்விடும். படகுத்துறைப் பக்கம் வாடகைக்கு எடுக்கலாம்தான், ஆனால் அங்கே கிடைப்பதில் பெரும்பாலானவை தார் ரோட்டுக்கானவை. அதில் கீத்தாமுக்குள் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டாவது மாதம் போகட்டும்.

நெட்டைக்கொக்கு:

குரங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிளாஸ்டிக் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். பை என்றாலே சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். எதிரே வந்தால் நின்று வழிவிடுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அது அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பு. பிஸ்கட் போடவும் கூடாது, முதல் தடவை பிடிபட்டாலே அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம்.

பாஞ்சாங்வாசி:

எல்லோருக்கும் நன்றி. செஸ்ட்நட் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, நேற்று ராத்திரி முழுக்க மழை. ஞாயிறும் பெய்தால்? இரண்டு, சகதிச்சக்கரம் அக்கா பிரேக் பற்றிச் சொன்னதும் போய்ச் சோதித்தேன். இதில் இடது லீவரைப் பிடித்தால் முன்சக்கரம் நிற்கிறது. எனக்கு ஊர்ப் பழக்கம் வலதுதான் முன் பிரேக். அப்படியே பழகிக்கொள்ளலாமா?

சகதிச்சக்கரம்:

பிரேக்கைக் கட்டாயம் மாற்றுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சைக்கிள்களில் இடதுதான் முன் பிரேக், அப்படிப்பட்டவையும் இங்கே கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நிதானமாக ஓட்டும்போது சமாளித்துவிடுவீர்கள். இறக்கத்தில் பதறினால் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை இறுக்கினால் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள். கேபிள் பிரேக் என்றால் வீட்டிலேயே பக்கம் மாற்றலாம். எண்ணெய்க் குழாய் உள்ளது என்றால் கடையில் கொடுங்கள், குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் லீவர் கொழகொழவென்று ஆகிவிடும். மகன் சைக்கிளையும் ஒரு பார்வை பாருங்கள், இருவரும் மாற்றி மாற்றித்தான் ஓட்டப் போகிறீர்கள்.

மழைக்கு என் பதில் கறாரானது. சனிக்கிழமை ராத்திரி கொட்டினால் ஞாயிறு போகாதீர்கள். திறந்த ரோடு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், மர நிழலில் வேர் மறுநாளும் சோப்புத் தேய்த்ததுபோல வழுக்கும். ஈரக் களிமண்ணில் சக்கரம் போன தடமெல்லாம் சாலாகிவிடும், அடுத்த மழை அதிலேயே ஓடித் தடத்தை அரித்துப்போடும். இடி மின்னல் பிற்பகலில்தான் அதிகம் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். தடம் காலை 7 மணியிலிருந்து திறந்திருக்கும். எட்டுக்குள் உள்ளே போனால் பத்துக்கெல்லாம் வீடு, வெயிலும் ஏறியிருக்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

ஒன்று மறந்துவிட்டேன். பக்கத்து வனப்பகுதியில் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதைகள் நிறையக் கண்ணில் படும். சைக்கிள் படம் போட்ட பலகை இல்லாத எதிலும் நுழையாதீர்கள். தேசியப் பூங்காக் கழகம் அதற்கு அபராதம் போடும்.