ஜேஃபெட் வைத்து கெயின் மாற்றும் ஓப்-ஆம்ப் சர்க்யூட்: டிஸ்டார்ஷன் போகவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எலக்ட்ரிக் கிட்டாருக்காக, கன்ட்ரோல் வோல்டேஜில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) மாறும் ஆம்ப்ளிஃபையர் செய்கிறேன். டிஎல்072 ஓப்-ஆம்ப் சிப், ±12 வோல்ட் சப்ளை, நான்-இன்வெர்ட்டிங் (அலை தலைகீழாகாத) இணைப்பு. ஃபீட்பேக்கில் 100 கிலோ ஓம். இன்வெர்ட்டிங் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2என்5457 ஜேஃபெட் (கேட் பின்னில் தரும் வோல்டேஜால் ரெசிஸ்டன்ஸ் மாறும் டிரான்சிஸ்டர்).

கெயின் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. ஆனால் இன்புட் 200 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், கெயின் வெறும் 5-ல் இருக்கும்போதே ஸ்கோப்பில் சைன் அலையின் ஒரு பக்கம் சப்பையாகிறது. இந்த டிஸ்டார்ஷனைக் குறைக்க, ஜேஃபெட்டின் டிரெய்ன் பின் வோல்டேஜில் பாதி கேட் பின்னுக்குப் போகும்படி இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டேன். குறைந்தது, போகவில்லை. (கன்ட்ரோல் வோல்டேஜ் இரட்டிப்பாகத் தேவைப்படுவது தனித் தலைவலி.)

இன்புட்டைக் குறைத்தால் நாய்ஸ் ஏறுமே? எல்எம்13700-க்கே (கன்ட்ரோல் கரண்ட்டால் கெயின் மாறும் சிப்) மாறிவிடலாமா? டிஜிட்டல் பாட் (ரெசிஸ்டன்ஸை டிஜிட்டலாக மாற்றும் சிப்) மட்டும் வேண்டாம், படிப்படியாக மாறும்போது கரகரக்கும். செய்து பார்த்தவர்கள் ரெசிஸ்டர் மதிப்புகளோடு சொல்லுங்களேன்.