மறு: ஐ.எக்ஸ்.பி. – ‘கூடல்’ வேண்டாம், ‘சந்தி’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஐ.எக்ஸ்.பி. (Internet Exchange Point), அதாவது பல நிறுவனங்களின் வலையமைப்புகள் ஒரே இடத்தில் இணைந்து தரவை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. இதற்கு நம் குழு தமிழ்ச் சொல் தேடுகிறது. போன வாரம் ‘இணையக் கூடல்’ என்ற சொல்லை முன்வைத்தவன் நான்தான். இன்று அதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா எழுதிய இந்த வரிகள்தான் காரணம்:

> கூடலில் ஆறுகள் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு ஓர் ஆற்றின் பெயர்தான் மிஞ்சும். நீங்கள் சொல்லும் இடத்தில் அப்படியா நடக்கிறது?

இல்லை ஐயா, அப்படி நடப்பதில்லை. கூடல் மேல் எனக்கு ஆசை வந்ததற்கு எங்கள் ஊர்ப் பெயர்களே காரணம். மலாயில் ‘குவாலா’ (நம் வாயில் ‘கோலா’, ‘கோல’) என்றால் ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ போய்ச் சேரும் இடம். கோலாலம்பூரில் கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேர்கின்றன. எங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் கோலகங்சார். அங்கே கங்சார் ஆறு பேராக் ஆற்றில் விழுகிறது. விழுந்த பிறகு கங்சார் என்ற பேச்சே இல்லை, கடல் வரைக்கும் பேராக் ஆறுதான். சின்ன வயதிலிருந்து பார்த்த இடம், ஆனாலும் ஐயா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இணையம் ஒரே வலை இல்லை. ஆயிரக்கணக்கான வலையமைப்புகள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டதுதான் இணையம். என் வீட்டுக்கு இணைப்புத் தருவது ஒரு நிறுவனம், ஈப்போவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே தரவு போக வேண்டுமானால், பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் காசு கொடுத்துச் சுமக்கச் சொல்லலாம். இல்லையென்றால் பல நிறுவனங்களும் தங்கள் கண்ணாடி இழையை ஒரே அறைக்குக் கொண்டுவந்து, பொதுவான ஒரு சுவிட்சில் (வலையமைப்புகளை இணைக்கும் கருவி) செருகி, அவரவர் வாடிக்கையாளருக்கு உரியதை நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஏற்பாடுதான் ஐ.எக்ஸ்.பி. இந்தியாவில் நிக்ஸி என்ற அமைப்பு 2003 முதலும் மலேசியாவில் மை.ஐ.எக்ஸ். என்ற அமைப்பு 2006 முதலும் இந்த வேலையைச் செய்கின்றன. அந்தச் சுவிட்சில் பெரிய நிறுவனத்துக்குப் பக்கத்துத் துளையில் ஒரு சின்ன நிறுவனமும் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கலாம். யாரும் யாருக்குள்ளும் கரைந்துபோவதில்லை. நாம் வைக்கும் சொல் இதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

‘இணையப் பரிமாற்றப் புள்ளி’யை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மலேசியத் தமிழ்ப் பள்ளியில் புள்ளி என்றால் மதிப்பெண். என் மாணவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, இணையத்துக்கு யார் புள்ளி போடுகிறார்கள் என்றுதான் கேட்டார்கள். அது போகட்டும், பல கம்பிகள் வந்து சேரும் ஓர் அறையைப் புள்ளி என்று சொன்னால் நம் மனத்தில் எதுவும் விரிவதில்லை.

சரி, சந்திக்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். கோயில் பக்கத்து மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ஒரு கணினி வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் பழைய தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். அன்றைக்கு என் கணினியிலிருந்து தங்கை வீட்டுக்குத் தரவு எந்த வழியில் போகிறது என்று கட்டளை கொடுத்துக் காட்டினேன். ஈப்போ இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தரவோ கோலாலம்பூர் வரை போய், அங்கே நிறுவனம் மாறி, திரும்பி ஈப்போவுக்கு வந்தது. 400 கிலோமீட்டருக்கும் மேல் சுற்று.

இதில் மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்தச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த ஒரு தடம் அறுந்தால் பக்கத்து ஊரோடு பேச முடியாது. அப்புறம், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அவ்வளவு தூரம் சுமப்பதற்கு யாரோ காசு கொடுக்க வேண்டும். இங்கே ஒரு சின்ன நிறுவனம் சேவையகம் வைத்துத் தொழில் தொடங்க நினைத்தால் அந்தக் காசுதான் முதலில் கழுத்தைப் பிடிக்கும்.

பேரனைக் கூட்டிவந்த ஒரு பாட்டி பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் சொன்னார்: “எங்க தோட்டமும் அப்படித்தான் தம்பி. அடுத்த தோட்டத்து லயத்து வீடெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நடுவுல வேலி. வேற கம்பெனி. கல்யாணம்னா பெரிய ரோட்டுக்குப் போயி சுத்தித்தான் வரணும். நடுவுல ஒரு சிம்பாங் இருந்தா போதும்.”

சிம்பாங்! சாலைகள் சந்திக்கும் இடம். மலாய்ச் சொல்தான், ஆனால் எங்கள் ஊரில் தமிழோடு தமிழாகப் புழங்குகிறது. அதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: சந்தி. சந்தியில் எந்தச் சாலையும் தன் பெயரை இழப்பதில்லை. வண்டி ஒரு சாலையிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்கிறது. வினையாகவும் வரும்: ‘இந்த இரண்டு வலையமைப்புகளும் ஈப்போவில் சந்திக்கின்றன.’ கூடலுக்கு இந்த வசதி இருந்தது, ஆனால் பொருள் ஒத்துவரவில்லை.

சென்னைத் தம்பி இப்படி எழுதியிருந்தார்:

> அண்ணே, ‘சந்தி சிரிக்கும்’ என்பார்களே. அதற்கு ஐ.எக்ஸ்.பி. என்றே விட்டுவிடலாமே?

தம்பி, சந்தியில் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள் என்பதால்தானே அங்கே சிரிப்பும் வருகிறது? நமக்கு வேண்டிய கூட்டம் அதுதான். யாழ்ப்பாணத்தில் இது அன்றாடச் சொல் என்று ஐயாவே சொல்லிவிட்டார். எழுத்துச் சுருக்கமாக விட்டுவிட்டால் அந்தப் பாட்டி வகுப்பில் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

சந்தி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா நல்ல சான்று. நைரோபியில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் செயற்கைக்கோள் ஏறி வேறு கண்டத்துக்குப் போய்த் திரும்பிவந்தது. 2000 நவம்பரில் அங்குள்ள நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சந்தி அமைத்தன. அந்நாட்டுத் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு ஆணையம் அதை மூடச் சொன்னது, பிறகு 2002-இல்தான் அந்தச் சந்தி மறுபடி திறந்தது. 200 முதல் 600 மில்லிநொடி வரை இருந்த தாமதம் 2 முதல் 10 மில்லிநொடியாகக் குறைந்தது. அங்கே உண்மையாகவே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம்.

இங்கே மலேசியாவின் ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் செம்பனை நின்ற நிலத்தில் தரவு மையங்கள் எழுகின்றன. எங்கள் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகப் போகிறார்கள். கித்தா (ரப்பர்) காட்டில் இருந்தபோது மரவரிசைக்கு நிரை, பால் பிடிக்கும் கோப்பைக்கு மங்கு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் தாத்தாக்களிடம் சொல் இருந்தது. இவர்களுக்கும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்தது, சந்தியில் காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் தரவை மாற்றிக்கொள்வது. இதற்கு ‘கொள்கொடை’ என்று எழுதியிருந்தேன். ‘கொடுக்கல் வாங்கல்’ என்றால் கடன் என்று பொருள்பட்டுவிடும் என்பதால்தான் அதைத் தவிர்த்தேன். கிள்ளான் அக்கா, பெண் எடுத்துப் பெண் கொடுப்பதைச் சொல்லும் ‘கொள்வினை கொடுப்பினை’ என்ற சொல்லின் சாதி வாடை இதிலும் ஒட்டாதா என்று கேட்டது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. யாரோடும் சேரலாம் என்பதற்காக அமைத்த இடத்துக்கு அந்த வாடை ஆகாது. அதனால் ‘பண்டமாற்று’ போல ‘போக்குமாற்று’ என்று வைத்துப் பார்த்தேன். காசு கைமாறாது என்பது உடனே புரிகிறது. அக்காவின் கருத்து வேண்டும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

இணையச் சந்தி – தனித்தனி வலையமைப்புகள் தம் தனித்தன்மை மாறாமல் ஒரே இடத்தில் நேரடியாக இணைந்து, தரவை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.

காசு கொடுத்துப் பெரிய வலையமைப்பின் வழியாகத் தரவை அனுப்புவதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘சுமைவழி’ என்று ஒன்று தோன்றியது, ஆனால் வாயில் ஓடவில்லை. வரும் சனிக்கிழமைக்குள் யாராவது நல்லதாகச் சொன்னால் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து