சிலோவே தேவாலயங்களில் ஒரு ஆணி கூட இல்லையாமே?

மரக்கிறுக்கன்:
அடுத்த மாதம் சிலி போகிறேன், தெற்கே சிலோவே தீவில் ஒரே நாள்தான் கையில் இருக்கிறது. ஸ்பானியர் காலத்து மரக் கோயில்களைப் பற்றிப் பேசுகிற எல்லா வீடியோவிலும் "இரும்பு ஆணியே இல்லாமல் கட்டினார்கள்" என்கிறார்கள். நிஜமா, இல்லை டூரிஸ்டுக்குச் சொல்கிற கதையா? எந்தக் கோயிலைப் பார்க்கலாம்?

தச்சன்பேரன்:
பாதி நிஜம். உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள 16 கோயில்களையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள், பல 19, 20-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் பாதிரியார்கள் இருந்த காலத்தது அச்சாவ் ஊர்க் கோயில், 1740 வாக்கில் கட்டியது. மர ஆணிப் பேச்சு அதற்குப் பொருந்தும். அந்தத் தீவுகளில் அப்போது இரும்பு கிடைப்பதே அரிது, மழையும் ஓயாது. ஈர மரத்தில் அடித்த இரும்பாணி துருப்பிடித்துச் சுற்றியிருக்கும் மரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். கெட்டி மரத்தில் சீவிய மர ஆணி அப்படியில்லை, மரத்தோடு சேர்ந்தே உப்பும், சுருங்கும். ஆக, வேறு வழியில்லாமல் செய்ததுதான் நல்ல வேலையாகவும் அமைந்துவிட்டது. உள்ளே போனால் பீடத்தின் முறுக்குத் தூண்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள்.

கடற்காற்று:
தச்சன்பேரன் சொன்னதோடு ஒன்று, அங்கே வேலை செய்தவர்கள் படகு கட்டிப் பழகிய தீவுக்காரர்கள். திட்டம் பாதிரியார்களுடையது, கை இவர்களுடையது. வளைந்த மேற்கூரையை அண்ணாந்து பார்த்தால் படகைக் கவிழ்த்துப் போட்ட வேலை என்று புரியும். 1767-இல் இயேசு சபையை ஸ்பெயின் அரசர் விரட்டினார், பிறகு பிரான்சிஸ்கன் சபை வந்தது, ஆனாலும் கட்டும் முறை மாறவில்லை.

மரக்கிறுக்கன்:
அப்போ காஸ்ட்ரோ ஊரின் மஞ்சள் கோயில்?

தச்சன்பேரன்:
அது காலனிக் காலத்தது இல்லை, 1910-க்குப் பிறகு எழுந்தது, வரைந்தவர் இத்தாலியர். வெளியே தகரம் போர்த்தியிருக்கும், அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், உள்ளே முழுக்க உள்ளூர் மரம், கோத்திக் பாணியின் கூரான வளைவுகளைக் கல்லுக்குப் பதில் பலகையில் செய்திருக்கிறார்கள். எனக்கு அச்சாவ்தான் பிடிக்கும். ஒரே நாள் என்றால் காலையில் டல்காவேயில் படகேறிக் கின்சாவ் தீவுக்குப் போய் அச்சாவைப் பாருங்கள், திரும்பும் வழியில் காஸ்ட்ரோ.

கடற்காற்று:
குடை மட்டும் போதாது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பிய்த்துவிடும்.