கேம்பர் வேனும் சைக்கிளும்: திருநெல்வேலிப் பக்கம் பழைய ரயில் தடத்தில் ஓட்ட முடியுமா?

கேட்டவர்: பாளை பெடல்

வெளிநாடுகளில் ஓடாமல் போன ரயில் பாதைகளில் தண்டவாளத்தைப் பிரித்துவிட்டு, சரள் போட்டுச் சைக்கிள் தடமாக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கேட்டி டிரெயில் மட்டுமே சுமார் 386 கி.மீ. வேனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சைக்கிளை இறக்கி ஏற்றம் இறக்கம் தெரியாமல் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். செங்கோட்டை, திருச்செந்தூர் லைன்களில் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டதே, அந்தப் பழைய தடம் எங்காவது மிச்சமிருக்கிறதா? வண்டி ஃபோர்ஸ் டிராவலர், உள்ளே இரண்டு கட்டில். இரண்டு ஹைப்ரிட் சைக்கிள், டயர் 700×38, டிஸ்க் பிரேக். எங்கே ஓட்டலாம், எந்த மாதம், சைக்கிளை எப்படி ஏற்றுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில்: கன்னடியன்கரை

மிச்சம் இல்லை அண்ணாச்சி. திருநெல்வேலி–தென்காசி, செங்கோட்டை–புனலூர், திருநெல்வேலி–திருச்செந்தூர் மூன்றிலும் அகலப்பாதையைப் பெரும்பாலும் பழைய மீட்டர் கேஜ் கரை மேலேயேதான் போட்டார்கள். 1904இல் திறந்த செங்கோட்டை மலைப்பாதை 2010இல் நின்றது. 2018இல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தபோதும் அதே கணவாய், அதே பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலைதான். கைவிட்ட தடம் என்று தனியாக எதுவும் கிடைக்காது. ஓடுகிற லைன் ஓரத்தில் ஒற்றையடிப் பாதை தெரிகிறதே என்று இறங்கிவிட வேண்டாம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147: அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரயில் தடத்தில் மிதிக்கச் சுகமாக இருப்பதற்குக் காரணம் சரிவுதான். இரும்புச் சக்கரம் இரும்பு மேல் வழுக்கும், அதனால் நூற்றுக்கு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் வைக்க மாட்டார்கள். அதைவிடச் சமமான ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்களின் கரைதான் அது. தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஆனால் கரையை அரிக்கக் கூடாது என்பதால் கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டர்தான் இறக்கம் இருக்கும். காலுக்கு அது தெரியவே தெரியாது.

முதலில் கன்னடியன் கால், அதாவது கன்னடியன் கால்வாய். கல்லிடைக்குறிச்சியில் ஏறி வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வரை சுமார் 20 கி.மீ. ஆற்றுக்குத் தெற்கே மேட்டை ஒட்டி வருகிற கால் அது, வயலும் மடைகளும் ஆற்றுப் பக்கம்தான். அதனால் உயர்த்திக் கட்டிய கரையும் ஆற்றுப் பக்கமே இருக்கும், ஓட்ட வேண்டியதும் அதில்தான். எதிர்க் கரையில் இறங்கினால் பாதி தூரத்தில் வாழைத் தோட்டத்துக்குள் போய் முட்டும். கரை முழுக்க ஒரே தரமாக இருக்காது. சில இடம் சரள், சில இடம் வெறும் மண், ஊருக்குள் வந்தால் குப்பையும் ஆக்கிரமிப்பும். ஊர் வந்ததும் பாபநாசம் ரோட்டுக்கு இறங்கி, ஊர் தாண்டி மறுபடி கரையேறுவதுதான் வழி. ரோடு பக்கத்திலேயே வருவதால் வேனை யாராவது ஓட்டி வந்தால் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை எங்கு வேண்டுமானாலும் சந்தித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தென்கரையோடு ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர். சுமார் 30 கி.மீ. திருச்செந்தூர் ரயிலும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் போகிறது. நவதிருப்பதிக் கோயில்களையும் சேர்க்க நினைத்தால் காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உடைந்து, திரும்ப மண் கொட்டிக் கட்டிய இடங்களில் ஓரம் இன்னும் இளகல்தான். அங்கே கரை நடுவிலேயே ஓட்டுங்கள்.

செங்கோட்டை–தென்மலை ரோட்டைச் சைக்கிளுக்கு நான் சொல்ல மாட்டேன். புளியரைக்கு மேலே கொண்டை ஊசி வளைவு, கேரளா போகிற கனிமவள லாரி, ஓரத்தில் ஒதுங்க இடமில்லை. செங்கோட்டையிலிருந்து புளியரை வரை வயல் நடுவே ஓட்டிவிட்டு, மலையை ரயிலில் ஏறிப் பாருங்கள். கழுதுருட்டிப் பக்கத்து பதிமூன்று கண் பாலமும் குகைகளும் அப்படிப் பார்க்க வேண்டியவைதான்.

பதில்: தேரிக்காடு

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. அழிந்த ரயில் இந்தச் சீமையில் ஒன்று உண்டு. குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே. பாரி கம்பெனி சர்க்கரை ஆலைக்காகப் போட்டது, இரண்டடி கேஜ். திருச்செந்தூர், குலசை, உடன்குடி, திசையன்விளை என்று ஓடி 1940இல் மூடப்பட்டது. ஆனால் அதில் சைக்கிள் ஓட்டலாம் என்று வராதீர்கள். ரோடு, வீடு, பனங்காடு எல்லாம் மேலே வந்தாச்சு. லேசான ரயில் என்பதால் கரை கட்டியதும் கொஞ்சம்தான், தேடினால் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

அதே திசையில் தார் ரோட்டில் போகலாம். திருச்செந்தூர்–குலசை–மணப்பாடு கடற்கரை ரோடு சமதளம், கடல் காற்று, உடன்குடிக்குத் திரும்பினால் கருப்பட்டி. குலசைப் பக்கம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டார்கள். அந்த எல்லைக்குள் பழைய மேப்பைப் பார்த்துக் கடற்கரைத் தடத்தில் நுழையாதீர்கள்.

தேரி என்கிற செம்மணல் மேட்டுக்குள் சைக்கிளை விடவே கூடாது. குதிரைமொழித் தேரி போட்டோவில் செக்கச் சிவப்பாக அழகாக இருக்கும். அந்த மணல் மாவு மாதிரி. 38 மி.மீ. டயர் ரிம் வரை புதையும், காற்றை 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலும் போகாது. உருட்டிக்கொண்டு வந்தால்கூடத் தூசி செயினில் எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஈர எண்ணெய் வேண்டாம், செயினுக்கு மெழுகு வகை மசகு போடுங்கள். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் என்றால் அதற்கு நேர்மாறு, மெழுகு மழையில் கழுவிப்போகும்.

இனி முள். இங்கே டூர் கெடுவது இதனால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வகை. நெருஞ்சி தரையோடு கிடக்கும், குட்டையானது, ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு குத்தும். டயருக்குள் வைக்கிற லைனர் பட்டை இதைத் தடுக்கும். உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், லைனரையும் தாண்டும். அதற்கு சீலன்ட்தான், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற திரவம். டியூப்லெஸ் என்றால் 700×38 டயருக்கு 80 மில்லி ஊற்றுங்கள். பாட்டிலில் குறைவாகப் போட்டிருந்தாலும் அவ்வளவு ஊற்றுங்கள், நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். டியூப் என்றால் வால்வு ஊசி கழலுகிற டியூப் வாங்கி 60 மில்லி. முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள், சீலன்ட் அங்கே வந்து அடைக்கும். சீலன்ட் இல்லாத டியூப் என்றால் அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள். முள்ளே ஓட்டையைப் பாதி அடைத்திருக்கும், நிழல் வரை போய்ச் சேரலாம்.

உதிரி டியூப் ஆளுக்கு இரண்டு கையில் இருக்கட்டும். ஊர்க் கடையில் கிடைப்பது 28×1½. அவசரத்துக்கு அந்த டியூப் 700×38 டயருக்குள் அடங்கும். ஆனால் உங்கள் ரிம்மில் பிரஸ்டா வால்வு (மெல்லிய வகை) என்றால் துளை 6.5 மி.மீ. அந்த டியூப்பின் வால்வுக்கு 8 மி.மீ. வேண்டும், நுழையாது. வால்வு எது என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பிரஸ்டா என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று எடுத்துக்கொண்டால் பங்க்கில் காற்று பிடிக்கலாம். பஞ்சர் சொல்யூஷன் டியூப் ஒருமுறை திறந்தால் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும், வருடத்துக்கு ஒன்று புதிதாக வாங்குங்கள்.

பாளை பெடல்

நன்றி அண்ணாச்சி. வால்வு பிரஸ்டாதான், பார்த்துவிட்டேன். ஏற்றுவது பற்றி யாராவது சொல்லுங்கள். பின்கதவில் ஸ்டாண்ட் மாட்டவா, மேலே கேரியரா, உள்ளேயா?

பதில்: பட்டறை

உள்ளேதான். பின்னால் தொங்கவிட்டால் நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையும், செக்போஸ்ட்டில் பிடிப்பார்கள். ஸ்டாண்டில் மாட்ட மூன்றாவது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் நமக்குத் தருவதில்லை. டிராவலர் பின்கதவு கீலும் அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. கூரைக்கு ஏற்றினால் வண்டி 2.6 மீட்டர், மேலே சைக்கிள் ஒரு மீட்டருக்கு மேல், மொத்தம் 3.7 வரும். ரயில்வே சுரங்கப்பாதைகளில் உயரத் தடுப்பு அதைவிடத் தாழ்வாக இருப்பதுண்டு. கிராமத்துத் தெருவில் கரண்ட் வயர், புளியமரக் கிளை வேறு.

உள்ளே வைக்க 18 மி.மீ. மரைன் பிளைவுட் பலகை ஒன்று, அதில் இரண்டு ஃபோர்க் மவுண்ட் (முன் சக்கரம் கழற்றிய ஃபோர்க்கைப் பிடிக்கிற கவ்வி). முன் சக்கரம் குயிக் ரிலீஸ் (லிவரைத் திறந்து கழற்றுவது) என்றால் 9×100 மி.மீ., த்ரூ ஆக்சில் (அச்சையே உருவிக் கழற்றுவது) என்றால் 12×100. வாங்கும் முன் ஃபோர்க்கைப் பார்த்துக்கொள்ளவும். ஒரு சைக்கிள் முன்னோக்கி, மற்றது பின்னோக்கி. அப்போது ஹேண்டில்பார்கள் இடிக்காது, மையத்துக்கு மையம் 40 செ.மீ. போதும். முன் சக்கரம் கழற்றிய சைக்கிள் நீளம் 1.4 மீட்டருக்குள் அடங்கும். கட்டிலை 95 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி, சீட் போஸ்ட்டை இறக்கிவிட்டால் கட்டிலுக்கு அடியிலேயே போய்விடும். 95ஐ அப்படியே எடுக்காதீர்கள், ஹேண்டில்பார் உயரத்தை அளந்து அதோடு 3 செ.மீ. சேருங்கள்.

பலகையைத் தரையில் வெறும் ஸ்க்ரூவால் பிடிக்கக் கூடாது. எம்8 போல்ட் நாலு, அடியில் அகல வாஷர், நைலாக் நட். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் லைன், பிரேக் பைப், வயர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கவும். பழைய சீட் தண்டவாளம் இருந்தால் அதிலேயே பிடிப்பது இன்னும் நல்லது. பின் சக்கரத்துக்கு 25 மி.மீ. ராட்செட் பெல்ட். கொக்கி போட்ட ரப்பர் கயிறு வேண்டாம், சடன் பிரேக்கில் 15 கிலோ சைக்கிள் 12 கிலோ இழுவிசையோடு முன்னால் பாயும், ரப்பர் நீண்டு கொடுக்கும்.

முன் சக்கரம் கழற்றியதும் காலிபருக்குள், அதாவது பிரேக் பேட் இருக்கிற இடுக்கிக்குள், பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். இல்லாமல் யாராவது பிரேக் லிவரை அமுக்கினால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு டிஸ்க் நுழையாது. கழற்றிய சக்கரத்தை டிஸ்க் பக்கம் மேலே வரும்படி, தனிப் பையில் வைக்கவும். டிஸ்க்கில் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் கீச்சிடும், பிடிக்காது. பேட்டில் ஊறிவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் சைக்கிளை விட்டால் டயர் காற்றைப் பாதியாக இறக்கிவிடுங்கள்.

வேனில் கட்டில், கேஸ், மின்சாரம் என்று மாற்றியதெல்லாம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அது இல்லையென்றால் விபத்தின்போது இன்சூரன்ஸ்காரன் கேட்கிற முதல் கேள்வி அதுதான். மின்சாரம்: 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி 1.2 யூனிட். 28 வாட் ஃபேன் இரவு பத்து மணி நேரம் ஓட 0.28 யூனிட் போதும். ஏசிக்கு அந்த பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்காது.

பதில்: சாரல்

மாதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும். அந்த மாதங்களில் மேற்கிலிருந்து கிழக்கே மட்டும் ஓட்டுங்கள். கல்லிடைக்குறிச்சி–பத்தமடை அந்தத் திசைதான், காற்றும் தண்ணீரும் உங்களோடு வரும். திரும்ப எதிர்க்காற்றில் மிதிக்கத் திட்டம் போடாதீர்கள், வேனில் ஏறிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கரைப் பக்கம் போகவே வேண்டாம். களிமண் டயரோடு எழும்பி மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தை நிறுத்தும். தை, மாசி நல்ல மாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு ஆட்சேபம் உண்டு. மாசி பாதிக்கு மேல் பிசான நெல் அறுப்பு தொடங்கும். கரையிலும் ரோட்டிலும் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன் மேல் ஏறுவது மரியாதையில்லை. வைக்கோல் பின் டீரெய்லியரில் (செயினைக் கியர் மாற்றுகிற பாகம்) சுற்றினால் அதை ஃபிரேமோடு பிடிக்கிற ஹேங்கர் வளையும், சில நேரம் ஒடிந்தே போகும். வைக்கோல் கிடந்தால் மிதிப்பதை நிறுத்தி உருட்டிக் கடக்கவும். உங்கள் ஃபிரேமுக்கு உரிய ஹேங்கர் ஒன்று முன்னாலேயே வரவழைத்து வையுங்கள், திருநெல்வேலிக் கடைகளில் தேடிக் கிடைக்காது. என் கணக்கில் மார்கழி கடைசியிலிருந்து தைக் கடைசி வரை சரி. வயல் பச்சை, கால் நிறையத் தண்ணீர், கரை காய்ந்திருக்கும்.

வேன் நிறுத்த: திருச்செந்தூரில் கோயில் பார்க்கிங், அம்பை, சேரன்மகாதேவியில் கல்யாண மண்டப வளாகம். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துப் போன் போட்டுக் கேட்டால் குளியலறையோடு தருவார்கள். பாபநாசம், மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு மேலே புலிகள் காப்பகம், இரவு தங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கழிவறை டேங்கை ஆற்றிலோ கால்வாயிலோ திறக்கக் கூடாது, கீழே அத்தனை ஊரும் குடிக்கிற தண்ணீர் அது. மண்டபத்திலோ லாட்ஜிலோ கேட்டு அங்கே கழிவறையில் ஊற்றுங்கள்.

பதில்: கன்னடியன்கரை

அறுப்பு விஷயம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேனை ஓட்டி வர ஆள் இல்லை என்றால் திருச்செந்தூர் வழிதான் வசதி, ரயிலில் திரும்பலாம். சைக்கிளை லக்கேஜாக புக் செய்து ரயிலின் பிரேக் வேனில் (லக்கேஜ் பெட்டி) ஏற்ற வேண்டும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் குரும்பூர், நாசரேத் போன்ற இடைநிலையங்களை நம்பாதீர்கள், ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். திருச்செந்தூரில் ஏற்றித் திருநெல்வேலியில் இறக்குங்கள். வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் பார்சல் கவுன்ட்டருக்குப் போய், பெயர், போன் நம்பர், இறங்கும் நிலையம் எழுதிய அட்டையை ஃபிரேமில் கட்டி, பின் டீரெய்லியருக்கு அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிடவும், 15 எம்.எம். ஸ்பேனர். இடது பெடலுக்கு மரை எதிர்த் திசை.