லேன்டர்ன் ஸ்லைடு: ‘விளக்குத்தகடு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லேன்டர்ன் ஸ்லைடு என்பது விளக்கு வைத்த பழைய கருவியில் செருகித் திரையில் பெரிதாகக் காட்டிய கண்ணாடிப் படம். அதை நம் அட்டவணையில் தமிழில் எப்படிப் பதிவது என்ற பேச்சில் இதுவரை வந்த சொற்களில் ‘படவில்லை’க்கே ஆதரவு அதிகம். பின்னாளில் வந்த 35 மி.மீ. பிலிம் ஸ்லைடுக்கு அது புழங்கிவிட்ட சொல். அங்கே கை வைக்க வேண்டாம். இங்கே எனக்கு உறுத்துகிறது. வில்லை என்றால் இயற்பியல் படித்தவருக்கு லென்ஸ். ‘படவில்லையை வில்லைக்குப் பின்னால் தலைகீழாகச் செருகவும்’ என்று எழுதிப் பாருங்கள். தேடுபொறியில் போட்டால் ‘கண்ணில் படவில்லை’ என்ற வாக்கியங்களும் சேர்ந்து வந்து விழும்.

‘விளக்குப்படம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விளக்கு என்பதில் வெளிச்சமும் உண்டு, விளக்கிச் சொல்லுதலும் உண்டு. இந்தப் படங்கள் பெரும்பாலும் இருட்டறையில் ஒருவர் பேசப் பேசக் காட்டப்பட்டவைதானே. ஆனால் பாடநூல்களில் ‘விளக்கப்படம்’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஓர் உகரம் தவறினால் அட்டவணையில் பொருளே மாறிவிடும். ‘ஒளித்தகடு’ சிடிக்குப் போய்விட்டது.

ஆகவே ‘விளக்குத்தகடு’. தகடு என்றால் உலோகம்தானே என்று கேட்பீர்கள். ஒளிப்படத் தகடு என்று கண்ணாடியைச் சொல்லிப் பழகிவிட்டோம், அந்த வழக்கே போதும். ‘படம்’ என்று முடியாததும் எனக்கு வசதி. கெய்ரோ மசூதி ஒன்றின் காட்சி நெகட்டிவாக, காகித அச்சாக, தகடாக மூன்று வடிவில் இருக்கலாம். படம் ஒன்று, பொருள் மூன்று. நாம் பெயர் தேடுவது கையில் இருக்கும் பொருளுக்கு.

அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய கண்ணாடிகள், ஒன்றின் உட்புறத்தில் படம், இடையில் கறுப்புத்தாள் சட்டம், நான்கு ஓரமும் தாள் நாடா. பிரிட்டனில் 3¼ அங்குலச் சதுரம், அமெரிக்காவில் 3¼ × 4 அங்குலம். முன்பு கண்ணாடியில் பெரும்பாலும் கையால் வரைந்தார்கள். ஒளிப்படத்தையே கண்ணாடியில் பதித்து 1850இல் காப்புரிமை பெற்றவர்கள் பிலடெல்பியாவின் லாங்கன்ஹைம் சகோதரர்கள். பிறகுதான் எகிப்துக் கோயிலும் ஜப்பானியத் தெருவும் வகுப்பறைத் திரைக்கு வந்தன. 1901 முதல் பெர்லினில் கலை வரலாறு கற்பித்த ஹைன்ரிக் வோல்ஃப்லின், இரண்டு படங்களை அருகருகே விழவைத்து ஒப்பிட்டுப் பேசியவர். எந்தத் தகடு எதனோடு காட்டப்பட்டது என்பதற்குக் குறிப்பு கிடைத்தால் அதையும் விடாமல் பதிய வேண்டும்.

தகட்டின் மூலையில் ஒரு சிறு வட்டத் தாள் ஒட்டியிருக்கும். படத்தை நேராகப் பார்க்கும்போது அது இடப்பக்கக் கீழ்மூலையில் நிற்கும். லென்ஸ் படத்தைக் கவிழ்த்துக் காட்டும் என்பதால் தகட்டைத் தலைகீழாகச் செருக வேண்டும். அப்போது அந்த வட்டம் வலப்பக்க மேல்மூலைக்கு வந்து, இயக்குபவரின் கட்டைவிரலுக்கு அடியில் அமர்ந்துகொள்ளும். இருட்டில் வேலை செய்தவருக்கு அதுவே வழிகாட்டி. இதை ‘விரற்பொட்டு’ என்கிறேன். பொட்டு நமக்கு எவரும் விளக்க வேண்டாத சொல்.

நிறம் பற்றி ஒன்று. பல தகடுகளில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் ஏற்றியிருப்பார்கள். சந்தையில் நிற்கும் பெண்ணின் சிவப்பு உடை, அந்த ஊரையே பார்த்திராத ஒருவர் தீட்டிய சிவப்பாக இருக்கலாம். ‘வண்ணப்படம்’ என்று பதிந்துவிட்டால், நாளை ஆடை வரலாறு எழுதுபவர் அதைச் சான்றாக எடுத்துக்கொள்வார். ‘கைவண்ணம்’ அழகான சொல்தான், ஆனால் கைத்திறன் என்ற பொருள் முந்திக்கொள்கிறது. ‘வண்ணம் தீட்டிய விளக்குத்தகடு’ நீளம் என்றாலும் உண்மையைச் சொல்கிறது.

தகட்டைத் திரையில் காட்டும் கருவிக்கு (மேஜிக் லேன்டர்ன்) ‘மந்திர விளக்கு’ என்றால் அலாவுதீன் வந்துவிடுகிறார். ‘படவிளக்கு’ போதும், படவிளக்கில் செருகுவது விளக்குத்தகடு. விரற்பொட்டுக்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள், மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்கிறேன். ‘தகடு’ என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.