நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலை: வரிசையில் போவதா, முந்துவதா?

சூலூர்க்காரன்
வேலை இடம் மாறியதால் இந்த மாதம் முதல் தினமும் கோவைப் புறவழிச்சாலையில் நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை காரில் போய் வருகிறேன். ஏறக்குறைய 28 கிலோமீட்டர். நேற்று மாலை சிந்தாமணிப்புதூர் தாண்டியதும் தேங்காய் நார் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். சுமை இரு பக்கமும் பிதுங்கிப் பின்விளக்குகளை மறைத்திருந்தது. நான் 50-லேயே போனேன். பின்னால் வந்த காருக்குப் பொறுக்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தவர் என்னையும் லாரியையும் ஒரே மூச்சில் முந்தினார். எதிரே வந்த வேன் மண்ணில் இறங்கித்தான் தப்பியது. இரண்டு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கியது. நான் செய்ததில் தவறு உண்டா?

கணக்கு வாத்தியார்
ஒரு தவறும் இல்லை தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரி 50-ல் போகிறது, நீங்கள் 80-ல் முந்துகிறீர்கள். நொடிக்கு 8 மீட்டர்தான் கூடுதலாக நகர்வீர்கள். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடம் எல்லாம் சேர்த்தால் 55 மீட்டராவது வரும். அதைக் கடக்க 7 நொடி. அந்த 7 நொடியில் உங்கள் கார் 155 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 80-ல் வருகிறவனும் அதே அளவு ஓடி வந்திருப்பான். 300 மீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை கண்ணுக்குத் தெரியாமல் வலப்பக்கம் எட்டிப்பார்க்கவே கூடாது. மாலையில் மதுக்கரை நோக்கிப் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், 300 மீட்டர் எங்கே தெரியப்போகிறது? 28 கிலோமீட்டரை 50-ல் ஓட்டினால் 34 நிமிடம், 70-ல் ஓட்டினால் 24. வழி முழுக்கக் காலியாக இருந்தாலே மிச்சம் 10 நிமிடம்தான்.

பொள்ளாச்சி ரோடு
ஐயா, உங்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் குற்றத்தை ஓட்டுநர் தலையில் மட்டும் கட்டுவதை ஏற்கமாட்டேன். செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை ஆறு வழி. மதுக்கரையிலிருந்து வாளையாறு வரை நான்கு வழி. நடுவில் இந்த 28 கிலோமீட்டர் மட்டும் மையத்தடுப்பு இல்லாத இரு வழி. கொச்சிக்குப் போகும் சரக்கு அத்தனையும் இந்தக் கழுத்துக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். ஆறு வழியில் ஓடிவந்த கால் நீலாம்பூர் வந்ததும் தானாகவா எழும்? பொறுமையைப் போதித்து இந்தச் சாலையைத் திருத்த முடியாது. அகலப்படுத்தத்தான் வேண்டும்.

சூலூர்க்காரரிடம் ஒரு கேள்வி. லாரிக்கும் உங்கள் காருக்கும் எவ்வளவு இடைவெளி விட்டிருந்தீர்கள்?

சூலூர்க்காரன்
இரண்டு கார் நிற்கும் அளவு இருக்கும்.

பொள்ளாச்சி ரோடு
அதுதான் தவறு. நீங்கள் முந்தப்போவதில்லை, சரி. பின்னால் வருகிறவன் உங்களை மட்டும் முந்திவிட்டு நடுவில் நுழைய இடம் வைத்தீர்களா? நீங்கள் லாரியை ஒட்டிக்கொண்டதால் அவன் இரண்டு வண்டியையும் சேர்த்து முந்த வேண்டியதாயிற்று. ஐயா சொன்ன 300 மீட்டர் அவனுக்கு இன்னும் கூடும். பொறுமையாக ஓட்டுகிறோம் என்று ஐந்து கார்கள் ரயில் பெட்டிபோல் கோத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன்.

பழைய ஸ்டியரிங்
முப்பது வருடம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன் கண்ணு, இடைவெளி விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி. பின்விளக்கு தெரியாத சுமைக்குப் பின்னால் ஒட்டிப் போனால் லாரிக்காரன் பிரேக் அடிப்பதே உனக்குத் தெரியாது. இண்டிகேட்டரையும் நம்பாதே. சிலர் இடது விளக்கைப் போட்டால் ‘முந்திக்கொள்’ என்று அர்த்தம், சிலருக்கு வலது விளக்கு. வலது போட்டவன் நிஜமாகவே வலப்பக்கம் திரும்பினால் நீ எங்கே போவாய்? ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுமை உயர்ந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நாளில் லாரியை உரசிக்கொண்டு முந்தவே முந்தாதே.

கோல்டுவின்ஸ்
இவ்வளவு அவஸ்தை எதற்கு? அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். உப்பிலிபாளையத்தில் இறங்கி, உக்கடம் மேம்பாலம் ஏறி, குனியமுத்தூர் வழியாக மதுக்கரை போய்விடலாம்.

கணக்கு வாத்தியார்
காருக்குச் சரி. சரக்கு லாரியை ஊருக்குள் விடவா புறவழிச்சாலை போட்டார்கள்? மேற்குப் புறவழிச்சாலை முழுதாக வந்தாலும் அது நரசிம்மநாயக்கன்பாளையம் பக்கம் போகிற வண்டிகளுக்குத்தான் உதவும். நீலாம்பூர்ச் சுமை அப்படியே இருக்கும்.

இருகூர் அக்கா
எல்லோரும் காருக்குள் இருந்தே பேசுகிறீர்கள். வேன் மண்ணில் இறங்கித் தப்பியது என்று தம்பி எழுதியிருக்கிறார். அந்த மண்ணில்தான் நான் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். தார் விளிம்பிலிருந்து மண் நான்கு விரல் தாழ்ந்து கிடக்கிறது. சக்கரம் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற்றும்போது வண்டி வழுக்கும். முந்துகிறவர்கள் எதிரே கார் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஓரத்தில் வரும் ஸ்கூட்டர் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. எதிர் வண்டி ஒதுங்கிக்கொள்ளும் என்று நம்பி முந்துகிறவர், அது என்மேல்தான் ஒதுங்கும் என்று ஒரு நொடி நினைக்க வேண்டும்.

பொள்ளாச்சி ரோடு
அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. எதிரே வருகிறவன் ஒதுங்குவான் என்ற தைரியத்தில் நானும் பலமுறை முந்தியிருக்கிறேன். இனி அது கூடாது. ஆனால் நான்கு வழி வேண்டும் என்பதில் மாற்றமில்லை. மையத்தடுப்பு இருந்தால் அந்த வேன் உங்கள் பக்கம் வரவேண்டிய தேவையே இருந்திருக்காது.

சூலூர்க்காரன்
இன்று காலை ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால் நிறையவே இடம் விட்டு ஓட்டினேன். வரிசையாக மூன்று கார்கள் என்னை முந்தி, நடுவில் நுழைந்து, வழி தெரிந்தபின் ஒவ்வொன்றாக லாரியைத் தாண்டின. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஈச்சனாரிப் பக்கம் போய்ச்சேர வழக்கத்தைவிட மூன்று நிமிடம் கூடுதல்.

இருகூர் அக்கா
நல்லது தம்பி. நான்கு வழி கேட்கும்போது எங்களுக்கு அணுகுசாலையும் சேர்த்துக் கேளுங்கள். தார்ச்சாலையை அகலப்படுத்தி மண் ஓரத்தையும் எடுத்துக்கொண்டால் ஸ்கூட்டரை நாங்கள் எங்கே ஓட்டுவது?