முந்திரி அலர்ஜி உள்ள பையன்: பள்ளியில் ஊசியை யார் போடுவது?

கவின்அம்மா, கோவை

என் பையனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு, எடை 21 கிலோ. முந்திரி ஆகாது. போன மாதம் வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள் என்று காஜு கத்லி கொடுத்திருக்கிறார்கள். பால் இனிப்பு என்று நினைத்துப் பாதி கடித்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கி, இருமல், அப்புறம் வாந்தி. மிஸ் எனக்கு போன் செய்தார். நான் வேலையில் இருந்ததால் முதல் அழைப்பைக் கவனிக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்ததும், "பீரோவில் ஊசி இருக்கிறது, உடனே போடுங்கள்" என்றேன். பீரோ சாவி எச்.எம்.மிடம் இருந்தது. எச்.எம். அன்று ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கைவசம் இருந்த செட்ரிசின் சிரப்பைக் கொடுத்து ஆட்டோவில் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில்தான் தொடையில் அட்ரினலின் (கடுமையான அலர்ஜிக்கு அவசரமாகப் போடும் மருந்து) போட்டார்கள். முகத்தில் நிறம் திரும்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரவு முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

மிஸ் மேல் எனக்குக் கோபமே இல்லை. வழி முழுக்க அவனை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். "நான் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பீரோவில் இருப்பது என் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 0.15 மி.கி. ஆட்டோ இன்ஜெக்டர், அதாவது அட்ரினலின் அளவாக நிரப்பி, தொடையில் அழுத்தினாலே இறங்கும் பேனா மாதிரி ஊசி. இங்கே மருந்துக்கடைகளில் ஆம்பூல்தான் (சிரிஞ்சில் இழுத்துப் போடும் மருந்துக் குப்பி) கிடைக்கிறது. அடுத்த வாரம் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன கேட்பது?

கணக்கு டீச்சர், மன்னார்குடி பக்கம்

தங்கச்சி, படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் சாப்பாட்டால் வரவில்லை, கதண்டால் (பெரிய விஷக் குளவி) வந்தது. பனைமரத்துக் கூடு கலைந்து மூன்று பிள்ளைகளைக் கொட்டியது. இரண்டு பேருக்குக் கொட்டிய இடத்தில் வீக்கம், அவ்வளவுதான். மூன்றாவது பெண்ணுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மிப்போய்விட்டது. நாங்கள் அவளைக் கைத்தாங்கலாக கேட் வரை நடத்திக் கூட்டிப்போனோம். பாதி வழியில் சுருண்டு விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தாள். நடக்க வைத்ததுதான் பெரிய தப்பு என்று டாக்டர் சொன்னார். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

உங்கள் மிஸ் கேட்டதை நானும் கேட்டிருப்பேன். டாக்டர் கையெழுத்தோடு, இந்த அறிகுறி வந்தால் இதைப் போடு என்று எழுதிய ஒரு தாளும், "போடச் சம்மதம்" என்ற உங்கள் கையெழுத்தும் இருந்தால் ஆசிரியருக்குத் தைரியம் வரும். ஒரே ஒரு மிஸ்ஸுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, அவர் லீவு போடுவார். ஆயாம்மா, வேன் டிரைவர், பி.டி. சார் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

குழந்தை மருத்துவர், மதுரை

அம்மா, செட்ரிசினோ அவிலோ அரிப்பைக் குறைக்கும். மூச்சுக்குழாய் இறுகுவதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. சாப்பிட்ட பிறகு மூச்சுத்திணறல், குரல் மாற்றம், விடாத இருமல், மயக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் முதலில் அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், தசைக்குள். அவசரத்தில் யூனிபார்ம் மேலேயே போடலாம். பிறகு 108, அதன் பிறகு உங்களுக்கு போன். சிலருக்குத் தோலில் தடிப்பே வராது, அதற்காகக் காத்திருக்கக் கூடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். குறையவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அதனால் இரண்டு ஊசி இருக்க வேண்டும்.

மிஸ்ஸின் பயத்துக்குப் பதில் இதுதான்: சரியான அளவில் தசையில் போட்டால், அது தேவையில்லாமல் போய்விட்டால்கூட, குழந்தைக்குக் கொஞ்ச நேரம் படபடப்பும் நடுக்கமும் வரும். தாமதித்தால் உயிரே போகலாம். ஆட்டோ இன்ஜெக்டர் தீர்ந்துவிட்டால் ஆம்பூல்தான். அளவு ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. ஆம்பூலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. இருப்பதால் இவனுக்கு 0.2 மி.லி. வரும். எடை கூடக் கூட இது மாறும். உங்கள் டாக்டரே எழுதித் தரட்டும், 1 மி.லி. சிரிஞ்சில் இழுக்கவும் அவரே காட்டித் தரட்டும். பழகாத கைக்கு அது சுலபமில்லை. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெயில் படும் ஜன்னலோரத்திலும் வேண்டாம்.

ஸ்கார்பரோ அக்கா

தங்கச்சி, என்ர மகளுக்குக் கச்சான் (வேர்க்கடலை) ஒத்துக்கொள்ளாது. இங்கே கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் 'சப்ரினாவின் சட்டம்' என்று ஒன்று 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சப்ரினா ஷானன் 13 வயதுப் பிள்ளை. 2003இல் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டதால் வந்த ஒவ்வாமையில் இறந்துபோனாள். ஊசி அவளின் லாக்கருக்குள் இருந்தது. உங்கட பீரோச் சாவியைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவுதான் வந்தது. இப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுத வேண்டும், ஆசிரியர்களுக்குத் தவறாமல் பயிற்சி கொடுக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு ஊசி போட்டவர் மேல் வழக்குப் போடவும் ஏலாது. என்ர மகள் பேனாவை இடுப்புப் பையில்தான் வைத்திருக்கிறாள், விளையாடப் போனாலும் கழற்ற மாட்டாள். காலம் முடிந்த பேனா இருந்தால் எறியாதீங்கோ. ஒரு தோடம்பழத்தில் (ஆரஞ்சு) குத்திப் பழகினால் கைப்பயம் போகும்.

கவின்அம்மா, கோவை

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்ன வரிசையை ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, எங்கள் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவன் போட்டோவையும் ஒட்டியிருக்கிறேன். ஊசி இரண்டும் இனி வகுப்பு அலமாரியின் மேல்தட்டில், பூட்டு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை முதலில் கேட்கப் போகிறேன். பிறந்தநாள் இனிப்பு பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். காலாவதியான பேனா ஒன்று வீட்டில் இருக்கிறது. சாத்துக்குடி வாங்கி வைத்திருக்கிறேன். மிஸ் தன் கையாலேயே குத்திப் பார்க்கட்டும்.